பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் ‘போர்ட் எரிந்துவிட்டது’ என்று சொல்பவரிடம் பணம் கொடுப்பதற்கு முன்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள மின்கம்பம் ஒன்றில் கடந்த வாரம் ஒரு மஞ்சள் நிற விளம்பரத் தாளைக் கண்டேன். எந்த மின்சாதனமானாலும் வீட்டுக்கே வந்து திருத்தித் தருவதாக அதில் மூன்று மொழிகளிலும் அச்சிடப்பட்டிருந்தது. இதே நிறத்தில், இதே வாசகங்களுடன் ஒட்டப்பட்டிருந்த ஒரு தாளிலிருந்த இலக்கத்தை அழைத்துத்தான் ஜூன் மாதத்தில் நான் 54,800 ரூபாவைப் பறிகொடுத்தேன். இப்போது தொலைபேசி இலக்கம் மட்டும் மாறியிருக்கிறது. அதே ஆள்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் என் வீட்டில் நடந்ததை அறியாமல் இன்னொருவர் அந்த இலக்கத்தை அழைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மலையகத்தில் பாத்திரம் கழுவும் இயந்திரம் இன்னும் பரவலாகிவிடவில்லை. மூட்டுவாதத்தால் விரல்களை மடக்க முடியாத என் மனைவிக்கு, டிக்கோயாப் பக்கத்து விடியற்காலைக் குளிரில் குழாய்த் தண்ணீரைத் தொடுவதே வேதனையாக இருந்ததால், வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மகள் பணம் அனுப்பிக் கொழும்பிலிருந்து அதை வாங்கச் செய்தாள். இரண்டு ஆண்டுகள் எந்தக் குறையும் இல்லாமல் உழைத்த இயந்திரம், உத்தரவாதக் காலம் முடிந்து சில மாதங்களில் நின்றுபோனது. நின்ற அன்றே மனைவி மறுபடியும் குளிர்ந்த நீரில் கைவைக்க வேண்டியதாயிற்று என்பதால் எனக்கு அவசரம் இருந்தது. வந்தவர் அந்த அவசரத்தைத்தான் முதலில் கவனித்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

கோளாறு என்னவென்று சொல்லிவிடுகிறேன். தொடக்கப் பொத்தானை அழுத்தியதும், உள்ளே மிஞ்சியிருக்கும் நீரை வெளியேற்றும் பம்பின் சத்தம் அரை நிமிடமளவுக்கு வழக்கம்போல் கேட்டது. அதன் பின்னர் நீர் உள்ளே பாயும் சீறல் கேட்க வேண்டும். அதற்குப் பதிலாக மெல்லிய முனகல் ஒன்று மட்டும் வந்து, சில நிமிடங்களில் முன்பக்க விளக்கு சிமிட்டத் தொடங்கி, மூன்று முறை ஒலியெழுப்பிவிட்டு இயந்திரம் நின்றுவிடும். உள்ளே கதவைத் திறந்து பார்த்தால் தளம் ஏறக்குறைய உலர்ந்தே இருந்தது. இந்த வரிகளை அன்றே நிதானமாக யோசித்திருந்தால், தண்ணீர் வரவில்லை என்பது எனக்கே விளங்கியிருக்கும்.

வந்தவர் தம்மை அந்த இயந்திரத்தைத் தயாரித்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற திருத்துநர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். அடையாள அட்டை எதையும் அவர் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. வருகைக் கட்டணம் 3,500 ரூபா. கதவின் உட்பலகையைக் கழற்றி, டோர்ச் லைட்டை ஐந்து நிமிடம்கூடப் பிடிக்காமல், “ஐயா, இடி இழுத்துப் போர்ட் எரிந்துவிட்டது, இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது” என்றார். போர்ட் என்று அவர் சொன்னது இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சுற்றுப்பலகையை. தண்ணீர்க் குழாயை அவர் தொட்டும் பார்க்கவில்லை. மின்னளவு பார்க்கும் மீற்றர் அவருடைய பையில் இருந்தது, ஆனால் அது வெளியே வரவேயில்லை. 20,000 ரூபா முற்பணம் வாங்கிக்கொண்டு, போர்டைக் கழற்றி ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்துச் சென்றார்.

பதினேழு நாட்கள் கழித்துத் திரும்பி வந்து போர்டைப் பொருத்தியவர், இயந்திரத்தைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்பக்கம் சற்று நேரம் குனிந்து ஏதோ செய்தார். இயந்திரம் ஓடியது. மீதி 26,500 ரூபாவைக் கொடுத்தேன். பழைய போர்ட் எங்கே என்று மனைவி கேட்டபோது, அதை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். பின்னர் அலுமாரியிலிருந்த கண்ணாடிக் குவளை ஒன்றைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அதிலிருந்த வெண்மூட்டத்தைக் காட்டி, தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு இயந்திரம் முழுவதும் படிந்துவிட்டது, இந்தத் தூளை மாதம் ஒருமுறை போடாவிட்டால் அடுத்ததாக ஹீட்டர் போகும் என்று பயமுறுத்தி, பெயர்ச்சீட்டு இல்லாத இரண்டு பொதிகளை 4,800 ரூபாவுக்கு விற்றார். கடைசியாக ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளில் கையொப்பம் கேட்டார். பொருளைச் சோதித்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன் என்றும், கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கோரமாட்டேன் என்றும் அதில் எழுதியிருந்ததை அன்றிரவு மகள் தொலைபேசியில் வாசித்துச் சொன்ன பிறகே அறிந்தேன். முப்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்து, வாசிக்காமல் எதிலும் கையொப்பமிடாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்த வேதனை இன்னும் ஆறவில்லை.

ஒன்பதாவது நாள் அதே முனகல், அதே சிமிட்டல். அழைத்தால் மணி மட்டும் ஒலித்தது. மூன்றாம் நாளிலிருந்து அதுவும் இல்லை.

என்னிடம் படித்து, தொழில்நுட்பக் கல்லூரியில் பயிற்சி பெற்று, இப்போது ஹோட்டல் ஒன்றில் இயந்திரப் பராமரிப்பில் வேலை செய்யும் மாணவர் ஒருவர் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். அவர் முதலில் செய்தது செருகியைப் பிடுங்கியது. அடுத்தது தண்ணீர்க் குழாயை மூடியது. பின்னர் இயந்திரத்தின் பின்புறத்தில் ஹோஸ் இணையும் இடத்திலுள்ள பிளாஸ்டிக் திருகைக் கையாலேயே கழற்றி, உள்ளே பாருங்கள் சேர் என்றார். கட்டைவிரல் நகமளவு அகலமான ஒரு சிறு வலை அங்கே இருந்தது. அதன் மேல் தேயிலைச் சாயம் போன்ற செந்நிறச் சேறு மெழுகிவிட்டாற்போல் படிந்து, நடுவில் முடியளவு மெல்லிய வேர் ஒன்று சுருண்டு கிடந்தது. ஹோஸை வாளிக்குள் விட்டுக் குழாயைத் திறந்தபோது தண்ணீர் தாராளமாகப் பாய்ந்தது. ஆகவே தாங்கியிலும் குறையில்லை, ஹோஸிலும் குறையில்லை. தடை அந்த வலையில் மட்டுமே. பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவி மாட்டினார். பத்து நிமிட வேலை. சீறல் சத்தம் கேட்டதும் மனைவி சமையலறை வாசலில் நின்று அழுதுவிட்டார்.

எங்கள் வீட்டுக்கு நீர் வருவது மேட்டிலுள்ள ஊற்றிலிருந்து. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் பீலித் தண்ணீர் கலங்கும் என்பது தோட்டப்புறத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். அந்தக் கலங்கல் தாங்கியின் அடியில் தங்கி, குழாய் வழியே இறங்கி, முதலில் எதிர்ப்படும் வலையில் அடைந்துகொள்கிறது. மேலும், தாங்கியின் உயரத்தை மட்டும் நம்பி இயங்கும் வீடுகளில் அழுத்தம் ஏற்கெனவே குறைவு. பத்து மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) என்பது கணக்கு. எங்கள் தாங்கி ஆறு மீற்றர் மேலே இருப்பதால் 0.6 பார்தான் கிடைக்கிறது. பல இயந்திரங்கள் குறைந்தபட்சம் 0.3 முதல் 0.5 பார் வரை கேட்பவை. வலை பாதி அடைந்தாலே போதும், குறித்த நேரத்துக்குள் தேவையான நீர் சேராமல், வெறும் தளத்தில் ஹீட்டர் சூடேறிவிடக் கூடாது என்பதற்காக இயந்திரம் தானாகவே நின்று விளக்கைச் சிமிட்டும். அப்படிச் சிமிட்டச் செய்வது அந்தப் போர்ட்தான். எரிந்துபோன போர்ட் இவ்வளவு ஒழுங்காக மூன்று முறை ஒலியெழுப்பி எச்சரித்திருக்காது என்று மாணவர் சொன்னபோது, அந்த ஆள் சொன்ன முதல் வாக்கியமே பொய் என்பது எனக்கு உறைத்தது. இடியைப் பற்றிச் சொன்னதும் அப்படித்தான். நமது பகுதிகளில் இடி மின்னல் மிகுந்திருப்பது மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும். ஜூன் மாதத்தில் எங்களுக்கு ஓயாத தூறல்தான். இடி மின்கம்பி வழியே வந்திருந்தால் தொலைக்காட்சியும் குளிர்சாதனப் பெட்டியும் தப்பியிருக்குமா என்பதையும் நான் யோசிக்கவில்லை.

சுண்ணாம்புக் கதையையும் மாணவர் விடவில்லை. யாழ்ப்பாணத்தைப் போலச் சுண்ணாம்புப் பாறைமேல் அமைந்த ஊரில் அது உண்மையாக இருக்கலாம். மலைநாட்டின் கடும்பாறைகளிலிருந்து ஊறும் நீர் பொதுவாக மென்னீர். அந்தக் குவளையை வினாகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைத்தோம்; சுண்ணாம்பாக இருந்தால் கரைந்திருக்கும், மூட்டம் சற்றும் அசையவில்லை. மென்னீரில் சவர்க்காரத் தூளை அளவுக்கு மிஞ்சிப் போட்டால் கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டு இப்படி மங்கிவிடும், அது திரும்பத் தெளியாது. அதற்குரிய மருந்து தூளின் அளவைக் குறைப்பதுதான்; இன்னொரு தூளை வாங்கிக் கொட்டுவதல்ல.

எனக்கு மிகவும் கசந்தது இனிமேல்தான் வருகிறது. முதல்நாள் கதவுப் பலகை திறந்திருந்தபோது, மகளுக்குக் காட்டுவதற்காக மனைவி கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்திருந்தார். அதில் போர்டின் வெள்ளைச் சீட்டும், அதன் நீண்ட இலக்கமும், சீட்டின் கீழ் மூலையில் பிறை வடிவிலான ஒரு கிழிசலும் தெளிவாகத் தெரிகின்றன. மாணவர் பலகையைக் கழற்றினார். அதே இலக்கம், அதே பிறைக் கிழிசல். 46,500 ரூபாவுக்குப் புதிதாகப் போட்டதாகச் சொல்லப்பட்ட போர்ட், எங்கள் பழைய போர்ட்தான். செய்தித்தாளில் சுற்றி எடுத்துச் சென்று, பதினேழு நாள் வைத்திருந்து, அதையே திரும்ப மாட்டி, பின்பக்கம் குனிந்தபோது வலையை அரைகுறையாக அலசிவிட்டிருக்கிறார். கோளாறு எதுவென்று அவருக்கு முதல்நாளே தெரிந்திருக்க வேண்டும். அறியாமையால் தவறாகச் சொல்லியிருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

இதே நிலை உங்களுக்கு நேர்ந்தால், எவரையும் அழைப்பதற்கு முன், செருகியைப் பிடுங்கிக் குழாயை மூடிவிட்டு அந்த வலையைப் பாருங்கள். ஹோஸ் சுவருக்கும் இயந்திரத்துக்கும் இடையில் மடிந்து நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். நீர் வருகிறது, ஆனால் வெளியேறவில்லை என்றால் உட்தளத்து வடிகட்டியில் சோற்றுப் பருக்கையோ கண்ணாடித் துண்டோ சிக்கியிருக்கும் வாய்ப்பே அதிகம். பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டேயிருந்தால், எங்கோ கசிந்த நீர் அடித்தட்டில் தேங்கி அங்குள்ள மிதவையைத் தூக்கியிருக்கலாம். ஆனால் இயந்திரத்தைப் போட்டவுடன் ட்ரிப் சுவிட்ச் விழுகிறதென்றால் அது மின்னொழுக்கு. 230 வோல்ட்டோடு விளையாட வேண்டாம், அதைத் தொழில் தெரிந்தவரிடமே விடுங்கள்.

ஆளை அழைத்தே ஆக வேண்டுமென்றால், நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றவரா என்பதை உத்தரவாத அட்டையிலுள்ள இலக்கத்தை அழைத்து நீங்களே உறுதிசெய்துகொள்ளுங்கள். எந்தப் பாகமும் வீட்டை விட்டு வெளியேறுவதற்கு முன் அதன் இலக்கத்தைப் படமெடுங்கள். மாற்றினேன் என்றால் பழையதைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். உங்களால் வாசிக்க முடியாத மொழியிலுள்ள தாளில் கையொப்பமிட அவசரப்படாதீர்கள். என் மனைவி தற்செயலாக எடுத்த அந்த ஒரு படம் இல்லாதிருந்தால், என்னிடம் வெறும் புலம்பல் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறைப்பாடு செய்திருக்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் அதைச் செய்துவிட வேண்டும். ஆலோசனைக்கு 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். மனைவி எடுத்த படத்தையும், கையொப்பமிட்ட தாளின் பிரதியையும், பணம் கொடுத்த திகதிகளையும் இணைத்திருக்கிறேன். அவர் முறையான பற்றுச்சீட்டு எதையும் தரவில்லை. முற்பணத்துக்குத் தந்த துண்டுத் தாளில் தொகையும் தொலைபேசி இலக்கமும் மட்டுமே உள்ளன. ஹட்டன், டிக்கோயா, கொட்டகலைப் பக்கங்களில் இதே வகையில் போர்ட் மாற்றியதாகச் சொல்லி எவரிடமாவது பணம் வாங்கப்பட்டிருந்தால், மூன்று மாதம் கடப்பதற்குள் அவர்களும் முறைப்பாடு செய்யுங்கள். இப்போதே கதவுப் பலகையைத் திறக்கச் செய்து போர்டிலுள்ள இலக்கத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.