தோவாளை பூ விலைப்பட்டியலும் ஃபயர்ஃபாக்ஸ் இன்ஸ்பெக்டரும்

தோவாளையில் பூ வியாபாரம் செய்கிற மாமாவுக்கு ஒரு விலைப்பட்டியல் பக்கம் செய்து கொடுத்திருந்தேன். இடது ஓரத்தில் பூவின் பெயர்: பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி, கிரேந்தி, வாடாமல்லி, கோழிப்பூ, துளசி என்று வரிசையாக. மேலே கிழமைகள். மாமாவிடம் பூ எடுக்கிற கடைக்காரர்கள் போனில் திறந்து ஒரு வாரத்து விலையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தேவை அவ்வளவுதான்.

கொடுத்த மறுநாள் விடியுமுன்னே போன். பூச்சந்தை விழித்திருக்கிற நேரம் அது. “மக்களே, கீழ தள்ளினா கிழமை போயிருது, பக்கவாட்டுல தள்ளினா பூப் பேரு போயிருது. எது எதுக்குள்ள விலைன்னு ஒண்ணும் பிடிகிட்டல்ல.”

“இருங்க மாமா, பாத்துட்டு சொல்லுதேன்” என்றேன். தள்ளும்போது தலைப்பு வரிசையும் முதல் பத்தியும் இடத்திலேயே ஒட்டி நிற்க, சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை எழுதுகிற மொழி) ‘பொசிஷன் ஸ்டிக்கி’ போட்டிருந்தேன். செய்து பார்த்தபோது பன்னிரண்டு பூதான் ஏற்றியிருந்தேன். லேப்டாப் திரையில் மொத்தமும் அடங்கிவிட்டது, தள்ளிப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை. மாமா முப்பது பூவை ஏற்றிய பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

வடசேரியில் என் வீட்டு மேசையில் அன்று காலை முழுக்க ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் இன்ஸ்பெக்டரோடு, அதாவது பக்கத்தின் உள்ளமைப்பைத் திறந்து காட்டுகிற கருவியோடு, உட்கார்ந்தேன். இந்த விமர்சனம் அந்தக் கருவியைப் பற்றியது. எஃப்12 அழுத்தினால் திறப்பதுதான்; காசு கிடையாது. சிஎஸ்எஸ் எழுதுகிறவர்களில் பலர் நிறம் மாற்றிப் பார்க்கவும் மார்ஜின் (வெளி இடைவெளி) அளக்கவும் மட்டுமே அதைத் திறக்கிறார்கள். ஸ்க்ரோல் சிக்கலுக்கு அதில் இரண்டு சின்ன பேட்ஜ்கள் (அடையாளச் சீட்டுகள்) இருக்கின்றன, அவற்றை யாரும் சொல்லித் தருவதில்லை.

ஒன்று ‘ஸ்க்ரோல்’. எந்த எலிமென்டுக்கு (பக்கத்தின் உறுப்புக்கு) ஸ்க்ரோல் பட்டை வந்திருக்கிறதோ, உறுப்புகளை அடுக்கிக் காட்டுகிற எச்டிஎம்எல் மரத்தில் அதன் பக்கத்தில் இது தெரியும். அதைச் சொடுக்கினால், உள்ளே எந்தக் குழந்தை எலிமென்ட் எல்லையைத் தாண்டி நீண்டிருக்கிறதோ அதன் பக்கத்தில் ‘ஓவர்ஃப்ளோ’ என்ற இரண்டாவது பேட்ஜ் வரும். மூடியிருக்கிற கிளைகளையும் தானே திறந்து காட்டும். 2020 நவம்பரில், 83ஆம் பதிப்பில் வந்த வசதி இது.

என் பக்கத்தில் பழைய தவறு ஒன்று ஒளிந்திருந்தது. ஆரம்பத்தில் போனில் பக்கம் வலப்புறமாகக் கொஞ்சம் ஆடியது. காரணம் தேடாமல், எல்லாவற்றையும் சுற்றியிருந்த டிவ் என்ற பெட்டிக்கு ‘ஓவர்ஃப்ளோ எக்ஸ் ஹிட்டன்’ (பக்கவாட்டில் மீறுவதை மறை) போட்டு ஆட்டத்தை மறைத்திருந்தேன். இணையத்தில் பலரும் சொல்கிற வைத்தியம் அதுதான். இப்போது அதை நீக்கிவிட்டு, ஜன்னலைச் சுருக்கி, பேட்ஜைச் சொடுக்கினேன். அடிப்பகுதி முகவரி வரிசையில் போய் நின்றது. பூட்ஸ்ட்ராப் என்ற ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்பின் ‘ரோ’ கிளாஸை, அதைச் சுற்றி இருக்க வேண்டிய கன்டெய்னர் பெட்டி இல்லாமல் போட்டிருந்தேன். இரண்டு பக்கமும் மைனஸ் 15 பிக்சல் மார்ஜின். அதுதான் வெளியே துருத்தியிருந்தது. மறைத்து வைத்திருந்த ஆட்டம் ஒரு வரி திருத்தத்தில் நின்றது.

சரி, இதற்கும் ஸ்டிக்கிக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. ஸ்டிக்கி எலிமென்ட் தனக்கு மேலே முதலில் எந்த ஸ்க்ரோல் பெட்டி இருக்கிறதோ அதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஒரு திசையில் ஹிட்டன் போட்டால், மறுதிசையில் விசிபிளாக (மீறினாலும் தெரியட்டும்) இருந்தது தானாகவே ஆட்டோ (மீறினால் ஸ்க்ரோல் ஆகட்டும்) ஆகிவிடும். ஆக அந்த டிவ்வும் ஒரு ஸ்க்ரோல் பெட்டி. ஆனால் உள்ளிருக்கிற உயரம் முழுவதும் அதற்கு இருப்பதால் அதற்குள் எதுவும் நகராது. பெட்டியே மொத்தமாகப் பக்கத்தோடு மேலே போகும், தலைப்பும் கூடவே போகும். கரையில் உள்ள குற்றியில் கட்ட வேண்டிய படகைப் பக்கத்துப் படகில் கட்டிய கதை.

இங்கேதான் கருவியின் பெரிய குறை. ஹிட்டன் போட்ட பெட்டிக்கு ஸ்க்ரோல் பட்டை தெரியாது, அதனால் பேட்ஜும் வராது. ஸ்டிக்கியைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த மாதிரிப் பெட்டிதான், அது மட்டும் கண்ணுக்குப் படாமல் நிற்கிறது. அதே கருவியில் நிரல் எழுதி ஓட்டுகிற இடமான கன்சோலில் நான் நாலு வரி லூப் வைத்திருக்கிறேன்: இன்ஸ்பெக்டரில் தேர்ந்தெடுத்த எலிமென்டிலிருந்து பேரன்ட் பேரன்டாக மேலே ஏறி, ஒவ்வொன்றின் ஓவர்ஃப்ளோ மதிப்பையும் எழுதிக் காட்டும். விசிபிள் அல்லது கிளிப் அல்லாத முதல் ஆள்தான் குற்றவாளி. இதை ஃபயர்ஃபாக்ஸை உருவாக்குகிற மோசில்லாவே ஒரு பேட்ஜாகத் தந்தால் எத்தனையோ பேருடைய காலைப்பொழுது மிஞ்சும்.

மறைத்தே ஆக வேண்டிய இடத்தில் இப்போது நான் ஹிட்டனுக்குப் பதில் ‘கிளிப்’ போடுகிறேன். அது வெட்டும், ஆனால் ஸ்க்ரோல் பெட்டியாக மாறாது, ஸ்டிக்கிக்குத் தொந்தரவில்லை.

அப்புறமும் ஒரு முடிச்சு பாக்கி இருந்தது. போனில் அகலமான அட்டவணை பக்கவாட்டில் நகர வேண்டும், அதற்காக அதைச் சுற்றி ‘ஓவர்ஃப்ளோ எக்ஸ் ஆட்டோ’ போட்ட ஒரு டிவ். அதுவும் ஸ்க்ரோல் பெட்டிதானே, தலைப்பு வரிசை அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தோடு போய்விடுகிறது. இதற்கு எனக்குத் தெரிந்த சுலப வழி இதுதான்: அந்தப் பெட்டிக்கே ஒரு உச்ச உயரம் கொடுத்து, மேல்கீழும் பக்கவாட்டும் அதற்குள்ளேயே நகரும்படி செய்தேன். தலைப்பு வரிசைக்கு டாப் பூஜ்யம், பூப் பெயர்ப் பத்திக்கு லெஃப்ட் பூஜ்யம், இரண்டும் சந்திக்கிற மூலைக் கட்டத்துக்கு இரண்டையும் கொடுத்து இசட் இன்டெக்ஸை (எது மேலே தெரிய வேண்டும் என்கிற எண்) கூட்டினேன். கட்டங்களுக்குப் பின்னணி நிறம் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் அடியில் ஓடுகிற விலை மேலே உள்ள எழுத்தோடு கலந்துவிடும். அடுத்தடுத்த கட்டக் கோடுகளை ஒன்றாக்குகிற ‘பார்டர் கொலாப்ஸ்’ இருந்தால் கோடுகள் மட்டும் கட்டத்தை விட்டு நழுவிப் போகின்றன. செபரேட் ஆக்கி, இடைவெளியைப் பூஜ்யம் ஆக்கினேன்.

பெட்டிக்கு ‘ஓவர்ஸ்க்ரோல் பிஹேவியர் கன்டெய்ன்’ என்ற வரியையும் சேர்த்தேன். அது இல்லாதபோது பட்டியலின் உச்சிக்குப் போய் இன்னும் கீழே இழுத்தால் பக்கம் ரீலோட் ஆனது. ஒரு கையில் போன், மறுகையில் பூக்கூடை, ஆரல்வாய்மொழிக் காற்று வேறு. அந்த நிலையில் விரல் எப்படிப் படும் என்று யோசித்துத்தான் பக்கம் செய்ய வேண்டும்.

இன்ஸ்பெக்டரில் எனக்குப் பிடித்த இன்னொன்று, வேலை செய்யாத வரியைச் சாம்பல் நிறமாக்கி, பக்கத்தில் ஒரு சின்னக் குறி வைத்துக் காரணமும் சொல்வது. பொசிஷன் எதுவும் தராமல் ‘டாப்’ மட்டும் எழுதினால் உடனே சொல்லிவிடும். புதிதாகக் கற்கிறவர்களுக்கு இதற்காகவே ஃபயர்ஃபாக்ஸைப் பரிந்துரைப்பேன். ஆனால் அடியில் ஒட்டியிருக்க வேண்டிய ‘அழைக்க’ பட்டன், திரையோடு நிலையாக நிற்க ஃபிக்ஸ்டு கொடுத்தும் நகர்ந்துகொண்டிருந்தபோது அது வாய் திறக்கவில்லை. மேலே ஒரு டிவ்வில் அனிமேஷனுக்காக டிரான்ஸ்ஃபார்ம் (நகர்த்த, சுழற்ற, அளவு மாற்றப் பயன்படும் வரி) இருந்தது. அப்படி இருந்தால் ஃபிக்ஸ்டு திரையை விட்டுவிட்டு அந்த டிவ்வைத்தான் அளவாக எடுத்துக்கொள்ளும். பட்டனை, பக்கம் முழுவதையும் கொண்ட பாடிக்கு நேர் கீழே கொண்டுபோய் வைத்தேன், சரியாயிற்று.

லேப்டாப்பிலேயே போன் திரை அளவில் காட்டுகிற ரெஸ்பான்சிவ் மோடை நம்பி வேலையை முடித்துவிடாதீர்கள். போன் பிரவுசரில் முகவரிப் பட்டை வருவதும் மறைவதும் அதில் தெரியாது. பெட்டியின் உயரத்தை 100விஎச் (திரை உயரம் முழுவதும்) கணக்கில் வைத்தபோது லேப்டாப்பில் கச்சிதம். மாமாவின் போனில் கடைசி இரண்டு பூ பட்டைக்கு அடியில் போய்விட்டது. 2022 முதல் பிரவுசர்களில் வந்துள்ள ‘டிவிஎச்’ அளவு, திரையில் அந்த நேரம் உண்மையில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அதைக் கணக்கில் எடுக்கும். அதற்கு மாற்றியதும் கோழிப்பூவும் துளசியும் திரும்பி வந்தன.

இதைச் சரிபார்க்க தோவாளைக்கே பஸ் ஏறினேன். மாமாவின் போனில் இருப்பது குரோம். ஃபயர்ஃபாக்ஸ் கருவி யுஎஸ்பி கேபிள் வழியாக ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸைத்தான் ஆராயும், குரோமைத் தொடாது. அங்கே நின்று கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மாமா பட்டியலை அடிவரை இழுத்தார், வலது ஓரம்வரை இழுத்தார், பிச்சி வரிசையில் விரலை வைத்து வியாழக்கிழமை விலையைச் சத்தமாக வாசித்தார். அடுத்தது மாலைகளுக்குத் தனிப் பட்டியல் வேண்டுமாம்.