நாடாளுமன்றம் பெரிதா, அரசமைப்பு பெரிதா?

காரைக்குடியில் குரூப் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இதற்கு இரண்டே வரியில் பதில் சொல்வார்கள்: பிரிட்டனில் நாடாளுமன்றம் உச்சம், இந்தியாவில் அரசமைப்பு உச்சம். சரி, அதனால் சாமானியனுக்கு என்ன வித்தியாசம்? நம் செட்டிநாட்டார் கொண்டுவிற்கப் போன பர்மாவிலேயே ஒரு வழக்கு இருக்கிறது.

1942-ல் ஜப்பான் படை நெருங்கியபோது, எதிரி கையில் சிக்கக் கூடாது என்று பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் நிலையங்களை பிரிட்டிஷ் ராணுவமே அழித்தது. கம்பெனி பிரிட்டிஷ் அரசு மீது வழக்குப் போட்டது. அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, நட்டஈடு உண்டு என்று 1964-ல் தீர்ப்பளித்தது. மறு வருடமே நாடாளுமன்றம் போர்ச் சேதச் சட்டத்தை, முன்பு நடந்ததற்கும் பொருந்தும்படி கொண்டுவந்து அந்த உரிமையையே இல்லாமல் செய்தது. ஜெயித்த வழக்கு காற்றோடு போயிற்று. அந்தச் சட்டம் செல்லாது என்று சொல்ல அங்கே எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் கிடையாது.

இங்கே 1991-ல் நடந்ததைப் பக்கத்தில் வையுங்கள். தமிழகத்துக்கு 205 டிஎம்சி என்று காவிரி நடுவர் மன்றம் ஜூனில் இடைக்கால உத்தரவு போட்டது. அடுத்த மாதமே கர்நாடகம் அதை மீற ஓர் அவசரச் சட்டம் போட்டது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது அரசமைப்புக்கு விரோதம் என்றது. தீர்ப்புக்கு அடிப்படையான சட்டத்தை மாற்றலாம். தீர்ப்பையே தூக்கிப்போட சட்டமியற்றுபவர்களுக்கு உரிமையில்லை, தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக முடியாது என்பதுதான் காரணம்.

கர்நாடகம் மாநிலம்தானே, நாடாளுமன்றமாக இருந்தால்? கேசவானந்த பாரதி வழக்கில் 1973-லேயே, 13 நீதிபதிகளில் 7 பேர், அரசமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்கக் கூடாது என்றார்கள். பிரதமரின் தேர்தலை வழக்குக்கு அப்பால் வைத்த திருத்தம் 1975-ல், அதுவும் நெருக்கடி நிலைக்கு நடுவிலேயே, அடிபட்டது.

பிரிட்டன் முறைக்கும் ஒரு நியாயம் உண்டு. கடைசி வார்த்தை மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களுடையது. நம் நீதிபதிகளை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 1976-ல் அதே உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலையில் சிறைப்பட்டவர் ஆட்கொணர்வு மனு (சட்டவிரோதக் காவலை எதிர்க்கும் மனு) போட முடியாது என்று கைவிரித்தது. எதிர்த்து எழுதியவர் நீதிபதி கன்னா ஒருவர்தான். இருந்தும் நான் நம் முறையின் பக்கம்தான். ஆட்சியில் இருப்பவரிடம் தோற்றவன் போய் நிற்க ஒரு வாசல் வேண்டும்.

எழுதிய அரசமைப்பு மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். 1947-ல் பர்மாவும் ஒன்றை எழுதிக்கொண்டது. 1962-ல் தளபதி நெ வின்னின் ராணுவம் அதை ஓரங்கட்டியது. 1963-64-ல் வங்கிகளும் கடைகளும் அரசுடைமை. கையில் வைத்திருந்ததை விட்டுவிட்டுக் கப்பலேறிய தமிழர்கள் முறையிட அங்கே சுதந்திரமான கோர்ட் மிஞ்சவில்லை.