ரெடிமேட் ஆட்டுப் பரண்: தரை சரி, தொட்டிதான் கோளாறு

காரைக்குடி வட்டாரப் பட்டறைகளில் செய்து தரும் 20-க்கு 10 அடி பரணை (தரைக்கு மேலே உயர்த்திக் கட்டும் ஆட்டுக் கொட்டகை) ‘25 ஆடு தாங்கும்’ என்கிறார்கள். இரும்புச் சட்டம் தாங்கும்; ஆடுகள் தாங்காது. வளர்ந்த பெட்டைக்கு 10 சதுர அடியாவது வேண்டும், 20-க்கு மேல் அடைக்காதீர்கள்.

பிளாஸ்டிக் தரை அருமை. ஒன்றரை செ.மீ. இடைவெளியில் புழுக்கை தங்காமல் விழுகிறது.

பெரிய குறை, அகலப் பக்கம் மட்டும் இருக்கும் 10 அடித் தீவனத் தொட்டி. ஓர் ஆட்டுக்கு ஒன்றேகால் அடி என்றாலும் எட்டு ஆடுதான் ஒரே நேரத்தில் தின்னும். மூத்த கொம்புக்காரிகள் முட்டித் தள்ளிவிட்டு அகத்தி இலையை முடித்துவிடும். ஒதுங்கி நிற்கும் இளம்பெட்டைக்குக் காம்புதான் மிச்சம். எடை ஏறாது, பருவமும் தள்ளிப்போகும். அடர்தீவனத்தைக் கூட்டினால் அதுவும் கொம்புக்காரிக்கே! 20 அடிப் பக்கத்திலும் தொட்டி போடச் சொல்லுங்கள். இளசுகளைத் தனியே அடைப்பது இன்னும் நல்லது.

கிடா அறைக்கு வெறும் கம்பிவலைத் தடுப்பு. வீண் செலவு. மூன்று நான்கு வாரம் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாமல் கிடாவைப் பிரித்துவைத்து, பிறகு உள்ளே விட்டால்தான் பருவம் காட்டாமல் நிற்கும் பெட்டைகள் பத்து நாளுக்குள் ஏறக்குறைய ஒன்றாகப் பருவத்துக்கு வரும். அந்த அறைப் பணத்தைக் கழிக்கச் சொல்லிவிட்டு, கிடாவைத் தோப்பின் மறுகோடியில் கட்டுங்கள்.