வீடியோ அனுப்புவதா, நேரில் போவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதிக் கோயில் பஜனையில் பாடிப் பழகிய எனக்கு, இசை நாடகத்தில் வேடம் கேட்டுப் பாடிக் காட்டும் தேர்வு புதிது. முதலில் வீடியோ எடுத்து அனுப்பினேன். செலவில்லை, திருப்தியாகும் வரை திரும்பத் திரும்பப் பாடலாம். ஆனால் அனுப்பியபின் ஒரு சத்தமும் இல்லை.

அப்புறம் ஜோகன்னஸ்பர்க் போனேன். டர்பனிலிருந்து சுமார் 570 கிலோமீட்டர், இரவு பஸ். பாட விடுவது 16 ‘பார்’ (மேற்கத்திய இசையில் ஒரு தாளச் சுற்று) மட்டும். நடுத்தர வேகத்தில் அரை நிமிடம்தான். ஆலாபனையில் நாம் நிதானமாக விரிப்பதை அங்கே முதல் வரியிலேயே காட்ட வேண்டும். பியானோ வாசிப்பவர் நம் இசைத்தாளை அப்போதுதான் பார்க்கிறார்; வேகத்தை அவரிடம் முன்பே தட்டிக் காட்டிவிட வேண்டும். நான் மறந்தேன், பாட்டு அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடிவிட்டது. ஆனாலும் இயக்குநர், "இன்னொரு முறை, கோபமாகப் பாடு" என்றார். பாடினேன், என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. வீடியோவில் இது கிடைக்காது.

வேடம் கிடைக்கவில்லை. இருந்தாலும் முதல் தடவை என்றால் நேரில் போங்கள். பஸ் காசுக்கு வழியில்லாதபோது வீடியோ சரி.