நாலு வருஷ மார்கரீட்டா

2021-இல் கணவரின் வேலை காரணமாக மெக்ஸிகோவின் குவாதலஹாராவுக்குக் குடிவந்தோம். டெக்கீலா என்ற மதுவுக்குப் பெயர் தந்த டெக்கீலா ஊரே இங்கிருந்து அறுபது கிலோமீட்டர்தான். போகிற வழியெல்லாம் நீலம் பூசியதுபோல், அந்த மதுவைக் காய்ச்ச உதவும் கற்றாழை வயல்கள். நம் ஊர் ரயில் பாதையோரம் வேலியாக நிற்கும் ஆனைக்கற்றாழைக்கு இது பங்காளி முறை. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டும், டெக்கீலாவை எலுமிச்சைச் சாற்றோடு கலக்கும் மார்கரீட்டா என்கிற காக்டெய்லை வீட்டில் ஒழுங்காகக் கலக்க எனக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. நாலு வருஷம் ஓடிவிட்ட நிலையில் எது உழைத்தது, எது காசுக்குப் பிடித்த கேடு என்று எழுதி வைக்கிறேன்.

உலக பார்டெண்டர் சங்கத்தின் அளவு எளிமையானது: டெக்கீலா 50 மில்லி, ஆரஞ்சு லிக்கர் (ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மது) 20, எலுமிச்சைச் சாறு 15. ஐஸோடு குலுக்கி வடிகட்டி, விளிம்பில் உப்புத் தடவிய கோப்பையில் ஊற்ற வேண்டியது. மூன்றே பொருள். அதனால்தான் எதில் பிசகினாலும் நாக்கு உடனே கண்டுபிடித்துவிடுகிறது.

முதல் பிசகு டெக்கீலாவில். சூப்பர்மார்க்கெட்டில் பொன்னிறமாக மின்னிய பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நிறம் இருந்தால் பீப்பாயில் கிடந்து முதிர்ந்த சரக்கு என்று நினைப்பு. வாயில் வைத்தால் எரிச்சல், பின்னாடியே ஒரு செயற்கை இனிப்பு. அப்புறம்தான் லேபிளைப் படித்தேன். ‘100% அகாவே’, அதாவது முழுக்கக் கற்றாழை, என்ற வரியே அதில் இல்லை. அந்த வரி இல்லையென்றால், புளிக்கவைக்கும் சர்க்கரையில் 51 விழுக்காடு நீலக் கற்றாழையிலிருந்து வந்தாலே போதும். மீதி கரும்புச் சர்க்கரையாக இருக்கலாம். பொன்னிறத்தைக் கேரமல் சேர்த்தும் ஏற்றலாம்.

அன்றிலிருந்து இரண்டு விஷயம் பார்த்துத்தான் வாங்குகிறேன். ஒன்று அந்த வரி. இன்னொன்று ‘நோம்’ (NOM, மெக்ஸிகோவின் அரசுத் தரநிலை) என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்க எண். எந்த வடிசாலையில் காய்ச்சியது என்பதை அது சொல்லிவிடும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத விலையில் நிற்கும் இரண்டு பாட்டில்களில் ஒரே எண்ணைப் பார்த்த அனுபவம் எனக்குண்டு. இரண்டும் ஒரே சரக்கு என்று அர்த்தமில்லை. ஆனாலும் கை தானாக விலை குறைந்ததன் பக்கம் போய்விடும். மார்கரீட்டாவுக்குப் பீப்பாய் முதிர்ச்சி தேவையே இல்லை. நிறமில்லாத ப்ளாங்கோ போதும், அதில்தான் கற்றாழையின் பச்சை வாசம் இருக்கிறது. மூன்று வருஷம் முதிர்ந்ததை எலுமிச்சையில் கொட்டுவது பட்டுப்புடவையைக் கரித்துணியாக்குவது மாதிரி.

அமெரிக்கச் செய்முறையை வைத்துக் கலக்குகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். அங்கே டெக்கீலாவில் சாராயச் சத்து பெரும்பாலும் 40 விழுக்காடு. மெக்ஸிகோவுக்குள் விற்கும் பாட்டில்களில் பல 35 அல்லது 38. சின்ன வித்தியாசம்தானே என்று விட்டால், ஐஸோடு குலுக்கி முடித்ததும் நீர்மோர் மாதிரி ஆகிவிடும். 35 என்றால் பத்து விநாடிக்கு மேல் நான் குலுக்குவதில்லை.

ஆரஞ்சு லிக்கரில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிரான்ஸின் க்வாந்த்ரோ விலை அதிகம். இங்கேயே தயாராகும் கொந்த்ராயை வைத்தே நாலு வருஷமும் ஓட்டிவிட்டேன். இரண்டும் 40 விழுக்காடுதான். அடிமட்ட விலையில் ட்ரிபிள் செக் என்ற பெயரில் கிடைக்கும் ஆரஞ்சு லிக்கர் மட்டும் வேண்டாம். இருமல் மருந்து.

இனி எலுமிச்சை. என் அனுபவத்தில் இந்தப் பானத்தின் தலையெழுத்தை எழுதுவது இதுதான். இங்கே வாரச் சந்தையில் இரண்டு வகை கிடைக்கும். தோல் தடித்த, விதையில்லாத பெரியது ஒன்று. தோல் மெலிந்து விதையோடு இருக்கும் சின்னது இன்னொன்று. அது நம் நாட்டு எலுமிச்சையின் சாதி. நாம் மஞ்சளானதும் வாங்குவோம், இவர்கள் பச்சையிலேயே விற்றுவிடுவார்கள், அவ்வளவுதான் வேறுபாடு. முதல் முறை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தபோது, அம்மா ஊறுகாய் போடும் நாளின் அடுக்களை வாசம் வந்தது. கடைக்காரர் இன்னொரு பழத்தையும் கையில் வைத்தார், முகர்ந்து பார்க்கட்டும் என்று.

பத்துப் பழம் பிழிந்தால் பத்தும் ஒரே புளிப்பாக இருப்பதில்லை. ஆனால் புத்தக அளவு என்னவோ 15 மில்லி என்று கல்லில் வெட்டியதுபோல் நிற்கிறது. முதல் வருஷம் முழுக்க ஒரு நாள் அமிர்தம், ஒரு நாள் பல்கூச்சம் என்று ஓடியதற்குக் காரணம் இதுதான். இப்போது சாற்றை முதலில் பிழிந்து, ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்த பிறகுதான் மற்ற பாட்டில்களைத் திறப்பேன். சின்னப் பழம் என்றால் 20 மில்லி, பெரியது என்றால் 25 வரை போகும். சாம்பாருக்குப் புளி கரைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் பிழிந்து ஃப்ரிஜ்ஜில் வைத்த சாறு மாலைக்குள் மந்தமாகிவிடுகிறது. பாட்டிலில் அடைத்து வரும் சாறு பாத்திரம் துலக்க உதவும்.

பிழிவதற்கு அலுமினியப் பிழிவான் ஒன்று வாங்கினேன். பாதிப் பழத்தை அதன் குழிக்குள் பொருத்தமாக உட்காரும்படி, வெட்டிய பக்கம் மேலே பார்க்க வைப்பதுதான் நியாயம் என்று எவருக்கும் தோன்றும். ஆறு மாதம் அப்படியே பிழிந்தேன். பாதிச் சாறு முகத்தில் தெறிக்கும். வீட்டுக்காரம்மா ஒரு நாள் வாடகை விஷயமாக வந்தவர், பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் என் கையிலிருந்து அதை வாங்கி, பழத்தைக் கவிழ்த்து, வெட்டிய பக்கம் ஓட்டைகளைப் பார்க்க வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். தோல், கழற்றிய சட்டை மாதிரி உள்வெளியாகத் திரும்பி வந்தது. சொட்டு மிச்சமில்லை. “மீஹா, இத்தனை நாளா இப்படியா?” என்றார். மீஹா என்றால் மகளே. இந்த ஊர் அம்மாக்கள் வயதில் சின்னப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். “சென்யோரா, யாரும் சொல்லவில்லையே” என்றேன். இதையெல்லாம் யாராவது சொல்வார்களா என்பதுபோல் பார்த்தார்.

எலுமிச்சையோடு இன்னொரு கசப்பான அனுபவமும் உண்டு. ஒரு மே மாதம், விருந்துக்காக மொட்டைமாடியில் உட்கார்ந்து நாற்பது பழம் பிழிந்தேன். நல்ல உச்சி வெயில். கையைத் துடைத்ததோடு சரி, கழுவவில்லை. இரண்டு நாள் கழித்து வலது கைவிரல்களிலும் மணிக்கட்டிலும் சுடுநீர் பட்டதுபோல் கொப்புளம். டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: எலுமிச்சையா, வெயிலா? இரண்டும்தான். தோலிலும் சாற்றிலும் இருக்கும் ஃப்யூரனோகூமரின் என்ற பொருட்கள் புற ஊதாக் கதிர் பட்டதும் நம் தோலைச் சுட்டுவிடுகின்றன. ஆங்கிலத்தில் இதற்கு மார்கரீட்டா பர்ன் என்றே பெயர் இருக்கிறதாம். கொப்புளம் அடங்கிய பிறகு சாறு வழிந்த தடம் அப்படியே பழுப்புக் கோடாக, மருதாணி கலைந்ததுபோல் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. ஆக, வீட்டுக்குள் பிழியுங்கள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெளியே போங்கள்.

சாமான்களில் ஏமாந்தது ஷேக்கரில். மூடி, வடிகட்டி, டப்பா என்று மூன்று பாகமாக வருகிற அழகான ஒன்றை வாங்கினேன். குளிர்ந்ததும் உலோகம் சுருங்கி, மூடி இறுகிக்கொள்ளும். விருந்தாளிகள் எதிரில் அதோடு மல்யுத்தம் போட்டதுதான் மிச்சம். இப்போது ஒன்றுக்குள் ஒன்று செருகும் இரண்டு எஃகு டம்ளர் மாதிரியான வகைதான் வைத்திருக்கிறேன். பக்கவாட்டில் ஒரு தட்டு, திறந்துவிடும். மிக்ஸியில் ஐஸோடு அடிக்கும் வகையையும் விடவில்லை. அதற்கென்று தனி இயந்திரத்தை 1971-இல் டாலஸில் மரியானோ மார்ட்டினெஸ் என்ற உணவகக்காரர், ஐஸ்கிரீம் இயந்திரத்தை மாற்றியமைத்து உருவாக்கினார். அது இப்போது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் மிக்ஸியில் வந்தது கோலிக்குண்டு அளவு கட்டிகளும் அடியில் எலுமிச்சைத் தண்ணியும்தான். இரண்டு தடவையோடு நிறுத்திக்கொண்டேன்.

உப்பு, கொலிமா மாநிலத்துக் குயுத்லான் உப்பளத்துக் கல்லுப்பு. லேசாகப் பொடித்துக்கொள்வேன். மேசை உப்பு போட்டால் கரித்துக் கொட்டும். விளிம்பின் பாதிச் சுற்றுக்குத் தடவினால் போதும், வேண்டாதபோது மறுபக்கம் திருப்பிக்கொள்ளலாம். அண்ணாந்து குடித்தே வளர்ந்த எனக்கு எச்சில் பண்ணிக் குடிக்கவே முதலில் கூச்சமாக இருந்தது. உப்பு வேண்டுமென்றால் வேறு வழியில்லை.

ஒரு கோப்பையில் இருக்கும் சாராயச் சத்து, கிட்டத்தட்ட ஒன்றரை சின்னப் பாட்டில் (330 மில்லி) பியருக்குச் சமம். புளிப்பும் குளிர்ச்சியும் அதை மறைத்துவிடும். எனக்கு இரண்டோடு சரி. வண்டி எடுத்துப் போகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. கணவர் குடிப்பதில்லை. அவருக்கு அதே எலுமிச்சை, அதே உப்பு, சோடா. பாதி விருந்தாளிகள் அதைத்தான் இரண்டாம் முறை கேட்கிறார்கள்.

மார்கரீட்டாவை யார் கண்டுபிடித்தது என்று கேட்டால் திஹுவானா பக்கம் ஒரு கதை, அகபுல்கோ பக்கம் ஒரு கதை. ஸ்பானிய மொழியில் மார்கரீட்டா என்றால் டெய்சிப் பூ. டெய்சி என்ற பழைய காக்டெய்ல் குடும்பத்திலிருந்துதான் பெயர் வந்தது என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இங்கே வீடுகளில் இதைவிடப் பலோமாதான் அதிகம்: டெக்கீலா, கிரேப்ஃப்ரூட் சோடா, எலுமிச்சை, உப்பு. குலுக்கவே வேண்டாம். வீட்டுக்காரம்மாவுக்கு அதுகூடப் பிடிக்காது. “நல்ல டெக்கீலாவை எதற்கு எலுமிச்சையில் குளிப்பாட்டுகிறாய்?” என்று கேட்டுவிட்டுத் தனியாக ஒரு சின்னக் கிளாஸில் வாங்கிக்கொள்வார்.

ஆறு கண்ணாடிக் கோப்பை வாங்கியதில் இப்போது இரண்டுதான் மிச்சம். மூன்றாவது ஆள் வந்தால் ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளர். வெளிப்பக்கம் மடிந்த அதன் விளிம்பில் உப்பு கண்ணாடியைவிட நன்றாகப் பிடிக்கிறது. ஃப்ரீசரில் ஐந்து நிமிஷம் வைத்தால் உள்ளே ஊற்றியது சூடேறவும் நேரமாகிறது. போன சனிக்கிழமை வந்த வீட்டுக்காரம்மா, கண்ணாடிக் கோப்பையை ஒதுக்கிவிட்டு அந்த டம்ளரைக் காட்டி, அதில் கொடு என்றார். கொஞ்சம் எலுமிச்சையும் பிழியச் சொன்னார்.