"காயில் போச்சு" என்று 7,800 ரூபாய் கறந்துவிட்டார்கள், உஷார்!

கடலூர் பக்கம் பழைய பியட், அம்பாசடர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். பாண்டி ரோட்டில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் 7,800 ரூபாய் அழுத வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

எங்கள் பத்மினி (பழைய பியட் கார்தான்) மஞ்சக்குப்பத்தில் நின்றுவிட்டது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. கடைக்காரர் காயிலிலிருந்து (பிளக்கில் பொறி வர, பேட்டரி வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் சாமான்) வரும் தடித்த வயரைக் கழற்றி, இன்ஜினுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பையனைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். "பார்த்தீங்களா சார், பொறியே இல்ல. காயில் செத்துப்போச்சு." கண்ணெதிரே காட்டினால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? "பியட்லதான் சார் தொழிலே கத்துக்கிட்டேன்" என்று வேறு சொன்னார். பொறி வரவில்லை, சரி. அதற்குக் காயில்தான் காரணம் என்று எதை வைத்துச் சொன்னார்?

புதுக் காயில், பிளக், வயர் செட், டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்புவது) சர்வீஸ் எல்லாம் சேர்த்து 7,800. வண்டி ஓடியது. மறுநாளே ஆல்பேட்டை செக்போஸ்ட் கிட்ட அதே கதை.

போன் செய்தால், "பெட்ரோல்ல தண்ணி இருக்கும் சார்." அப்புறம், "கரண்ட் சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது." அதற்கும் அப்புறம், "ஓனர் பண்ருட்டி போயிருக்காரு." பேசியது அதே குரல்! பழைய காயில் எங்கே என்றால் காயலான் கடைக்குப் போய்விட்டதாம்.

முதுநகரில் ஒரு பெரியவர்தான் கண்டுபிடித்தார். டெஸ்ட் லாம்பின் (வயர் வைத்த சின்ன பல்பு) ஒரு முனையைப் பாடியிலும் இன்னொன்றைக் காயிலின் மைனஸ் முனையிலும் வைத்துச் செல்ஃப் அடித்தார், மினுக்கவே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயில் கரண்டை விட்டு விட்டு வெட்டும் சுவிட்சான பாயிண்டுக்கு நடுவே, அது ஒட்டாதபடி அட்டைத் துண்டைச் சொருகி சாவியைப் போட்டார். இப்போது எரிய வேண்டிய லாம்ப் அப்போதும் எரியவில்லை. அப்படியென்றால் கரண்ட் வழியிலேயே எங்கோ பாடிக்குப் போகிறது என்று தேடினார். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டுக்குப் போகும் மெல்லிய வயர் தோலுரிந்து பாடியில் உரசிக்கொண்டிருந்தது. அதிர்வில் ஒட்டும், விலகும். வயரை மாற்றி 300 ரூபாய் வாங்கினார். சர்வீஸ் செய்தவர் மூடியைத் திறந்தாரா என்பதே சந்தேகம். அந்தப் "புது" காயிலைப் பெரியவர் தின்னர் துணியால் துடைத்தார். கறுப்பு பெயின்ட் துணியோடு வந்தது, அடியில் துரு. இதற்குத்தான் 7,800!

விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. டெஸ்ட் லாம்ப் போடாமல் காயிலை மாற்ற விடாதீர்கள். கழற்றிய சாமானைக் கையோடு வாங்குங்கள். பில் இல்லாமல் ஜிபே செய்யாதீர்கள். அந்தக் காயிலை எடுத்துக்கொண்டு கடைக்குத்தான் கிளம்புகிறேன்.