வாசலுக்கு வரும் குப்பை லோரியா, பொதுத் தொட்டியா?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள குளுவாங் போன்ற தோட்டப்புற நகரங்களில் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிவாசிகளும், தோட்டத்து வரிசை வீடுகளான லயன் வீட்டுக்காரர்களும் குப்பை விஷயத்தில் ஒத்துப்போவதில்லை.

நேரம்: 2011 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 672-ஆவது சட்டம் (திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம்) ஜொகூருக்கும் பொருந்துவதால், வாரத்தில் இரு நாள் சாதாரணக் குப்பையும், ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள்கள், பழைய மெத்தை, வெட்டிய கிளைகள் ஆகியவையும் வாசலிலேயே எடுக்கப்படுகின்றன. பொதுத் தொட்டிக்கு நாள் கணக்கு இல்லை. அதிகாலை வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய வசதி.

செலவு: லோரிக்கு, வீட்டுக்காக நகராட்சிக்குக் கட்டும் மதிப்பீட்டு வரிக்கு மேல் தனிக் கட்டணம் இல்லை. தோட்டத்துக்குள் இருக்கும் தொட்டியைப் பெரும்பாலும் நிர்வாகமே கவனிக்கிறது.

சுத்தம்: இதில்தான் மனக்கசப்பே. லோரிக்காக வாசலில் வைக்கும் 120 லிட்டர் தொட்டி வீட்டுக்காரரின் பொறுப்பு என்பதால் கழுவி வைக்கிறார்கள். பொதுத் தொட்டியோ யாருடையதும் அல்ல. விருந்துக்கு மறுநாள் மூடி திறந்திருந்தால், குழம்பு ஒட்டிய வாழையிலைகளைக் குரங்குகள் சாலைவரை இழுத்துப்போடுகின்றன. (நாய்கள் எவ்வளவோ தேவலை.)

பிரித்தல்: மறுசுழற்சிப் பொருள்களைச் சாதாரணக் குப்பையிலிருந்து பிரிப்பது 2015 செப்டம்பர் முதல் கட்டாயம்; ஆனால் யார் போட்டது என்று தெரியாத பொதுத் தொட்டியில் அது நடப்பதே இல்லை.

கைக்குழந்தையோ முதியவரோ உள்ள வீட்டுக்கு லோரியே ஏற்றது. லோரி நுழைய முடியாத செம்மண் பாதை லயன்களுக்கு, நன்றாக மூடக்கூடிய பொதுத் தொட்டியே நடைமுறைக்கு ஒத்துவரும்; ஆனால் அதைக் கழுவும் முறையை முதலில் பேசி முடிவுசெய்துவிட வேண்டும்.